ஊர்த் திட்டத்துக்குக் கவுன்சில் எப்போது கருத்துச் சொல்ல வேண்டும்: 14-ஆம் விதியிலா, 16-ஆம் விதியிலா?

இங்கிலாந்தில் 2011 லோக்கலிசம் சட்டம் வந்த பிறகு, ஒரு கிராமத்தின் பாரிஷ் கவுன்சிலே (ஊர் அளவிலான உள்ளாட்சி மன்றம்) தன் ஊருக்கான நெய்பர்ஹுட் பிளானை, அதாவது எங்கே என்ன கட்டலாம், எதைக் காக்க வேண்டும் என்று சொல்லும் ஊர்த் திட்டத்தை, எழுதலாம். அதற்கு மாவட்ட கவுன்சில் கருத்துச் சொல்ல, 2012 விதிமுறைகளின்படி இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் குறைந்தது ஆறு வாரம் அவகாசம், ஒற்றுமை அதோடு சரி.

முதலில் வரும் 14-ஆம் விதிக் கட்டத்தில் திட்டத்தின் வரைவு இன்னும் ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது. "இந்த வயல் முழுவதையும் கட்டடம் வராமல் காக்க வேண்டிய உள்ளூர்ப் பசுமைவெளி என்று குறித்திருக்கிறீர்கள், இவ்வளவு பெரிய பரப்பைத் தேசியக் கொள்கை ஏற்காது, குளத்தை ஒட்டிய பகுதிக்கு மட்டும் எல்லையைச் சுருக்குங்கள்" என்று பிளானிங் அதிகாரி எழுதினால், வரைபடத்தை மாற்றி, அந்த இடம் ஊருக்கு ஏன் முக்கியம் என்ற காரணத்தையும் சேர்த்துவிடலாம்.

திட்டத்தை மாவட்ட கவுன்சிலிடம் ஒப்படைத்த பிறகு வருவது 16-ஆம் விதிக் கட்டம். அங்கே அதே ஆட்சேபம் போய்ச் சேருவது சுயேச்சையான ஆய்வாளரிடம். அவர் பெரும்பாலும் காகிதங்களை வைத்தே முடிவெடுப்பார். சட்டம் விதிக்கும் அடிப்படை நிபந்தனைகளுக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பசுமைவெளியையே நீக்கப் பரிந்துரைக்கலாம். வேலை முடிந்த மாலைகளில் உட்கார்ந்து எழுதிய ஊர்க்காரர்கள் அப்போது நினைத்தபடி திருத்த முடியாது, அப்புறம் அந்தப் பசுமைவெளி இல்லாத திட்டத்துக்குத்தான் வாக்கெடுப்பில் ஓட்டுக் கேட்க வேண்டும்.

அதனால் என் ஓட்டு 14-க்குத்தான். அங்கே "பொதுவாக வரவேற்கிறோம்" என்று இரண்டு பத்தி அனுப்பிவிட்டு, 16-இல் பக்கம் பக்கமாக ஆட்சேபம் எழுதுவது அநியாயம். இடையில் வரைவு மாறியிருந்தாலோ சொன்ன திருத்தத்தை ஊர் ஏற்காமல் விட்டிருந்தாலோ, 16-இல் அதை மட்டும் எழுதினால் போதும்.