காஷ்மீரா, மூணாறா, வீடா?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கோடை விடுமுறைக்குப் புறப்படுவது பழைய வழக்கம். கேரளப் பள்ளிகள் மார்ச் கடைசியில் மூடினால் ஜூனில்தான் திறக்கும். தோப்புக்காரர்கள் தண்ணீர் பாய்ச்ச ஆள் பார்த்து வைத்துவிட்டு, கடைக்காரர்கள் மச்சானிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எங்காவது போய்வருவார்கள். எங்கள் கூட்டம் பல வருடமாக ஆசைப்படும் இடம் காஷ்மீர். ஆனால் 2025 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பெயரை எடுத்தாலே, "மூணாறு போதும், பக்கத்தில் இருக்கிறது, பயமில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

காஷ்மீரைப் பற்றி அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மூணாறைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு போகிறோம். இரண்டு இடத்தையும் ஒரே கேள்விகளால் அளந்து பார்க்க வேண்டும்.

பைசரனில் நடந்தது

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமுக்கு மேலே உள்ள பைசரன் புல்வெளியில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கேரளத்திலிருந்து குடும்பத்தோடு போயிருந்த ஒருவரும், பயணிகளைக் குதிரையில் ஏற்றிச்செல்லும் உள்ளூர் முஸ்லிம் தொழிலாளி ஒருவரும் அதில் அடக்கம். அந்தப் புல்வெளிக்கு வண்டி போகும் சாலை கிடையாது. குதிரையிலோ நடந்தோதான் ஏற வேண்டும். யாராவது உதவிக்கு வர வேண்டுமானாலும் அதே வழிதான். இந்த விவரத்தை நான் மறக்க விரும்பவில்லை, ஏனென்றால் எங்கே போவது, எங்கே போகாமல் இருப்பது என்பதை முடிவுசெய்ய அதுவே உதவுகிறது.

அதற்கு முன்னும் அங்கே பயணிகளுக்குத் தீங்கு நேர்ந்ததுண்டு. 1995இல் பஹல்காம் மலைப்பகுதியில் வெளிநாட்டுப் பயணிகள் கடத்தப்பட்டார்கள். 2018 மே மாதம் நார்பல் அருகே கல்வீச்சில் சென்னை இளைஞர் ஒருவர் இறந்தார். ஆனாலும் சுற்றுலா வந்தவர்களையே குறிவைத்து, மதம் கேட்டு, இத்தனை பேரைக் கொன்றது ஊரையே உலுக்கிவிட்டது. விபத்துக் கணக்கைக் காட்டி இந்தப் பயத்தை வாயடைக்கக் கூடாது. விபத்தில் எவரும் நம்மைத் தேடி வருவதில்லை. இங்கே தேடி வந்தார்கள்.

பிறகு நடந்தவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஜம்மு காஷ்மீர் அரசு 87 சுற்றுலா இடங்களில் 48ஐ மூடியது. மே 7 முதல் எல்லையில் மோதல் மூண்டு, ஸ்ரீநகர் உட்பட 32 விமான நிலையங்கள் சில நாட்கள் மூடிக் கிடந்தன. ஜூன் 6 அன்று ஜம்முவை அடுத்த கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் தொடங்கப்பட்டது. மூடிய இடங்கள் ஜூனிலிருந்து படிப்படியாகத் திறந்தன. ஜூலை 28 அன்று, பைசரனில் சுட்ட மூவரும் டாச்சிகாம் காட்டுப்பகுதியில் கொல்லப்பட்டதாக அரசு அறிவித்தது.

காஷ்மீரைக் கைவிட்டு "டெல்லி, ஆக்ரா போகலாம்" என்று சொன்னவர்களும் எங்களுக்குள் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகிலேயே கார் வெடித்தது. இன்னும் பக்கத்தில் வருவோம். கல்யாணப் புடவைக்கும் பெரிய வைத்தியத்துக்கும் நாம் ஓடுகிற கோயம்புத்தூரில் 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபரில் உக்கடம் கோட்டை ஈசுவரன் கோயில் அருகே கார் வெடித்தது. 2023 அக்டோபரில் கொச்சிப் பக்கம் களமசேரியில் ஜெபக்கூட்டத்தில் குண்டு வெடித்தது. இதனால் யாரும் உக்கடம் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அந்த ஊரின் சந்துபொந்து தெரியும், எந்தக் கடையில் கேட்டால் வழி சொல்வார்கள் என்று தெரியும். தெரிந்த ஊரில் பயம் தங்குவதில்லை. பழக்கம் தரும் தைரியத்தையும் இடம் தரும் பாதுகாப்பையும் நாம் ஒன்றாக எண்ணிக்கொள்கிறோம்.

மூணாறின் கணக்கு

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் புதைந்தன. இறந்தவர்கள் இருநூற்றைம்பதுக்கும் மேல். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மூழ்கினார்கள். பயமில்லாத இடங்கள் என்று நாம் சொல்லும் பட்டியலில் இந்த மூன்றும் இருக்கின்றன.

நம் மாவட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த சுற்றுலா பஸ், முன்னால் போன அரசு பஸ்ஸில் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் மாணவர்கள். அந்தச் சாலையில்தான் நாம் திருச்சூருக்குப் போய்வருகிறோம். அந்த ஓராண்டில் மட்டும் நாடு முழுக்கச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். நாளுக்கு 460 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு பன்னிரண்டு மணிக்கு வேனை எடுத்து, விடியும்போது மலையில் நிற்க வேண்டும் என்று அவசரப்படும் நம் வழக்கத்தை எந்தப் பெரியவரும் தடுப்பதில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு முடிந்துவிடாது. மலைச்சரிவுக்கு ஒரு காலம் உண்டு. தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் பெரும் அபாயம். வானிலைத் துறை ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடும். கலெக்டர் இரவுப் பயணத்தைத் தடை செய்வார். மூணாறு பக்கத்து மலைச்சாலையான கேப் ரோட்டை மூடுவார்கள். ஏப்ரலில் மூணாறு போகிறவர் அந்த ஆபத்தின் பெரும்பகுதியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறார். ஓணத்துக்கு முந்தின அடைமழையில் தள்ளுபடி விலைக்கு அறை கிடைக்கிறதென்று போகிறவர் அதைத் தலையில் சுமந்துகொண்டு போகிறார். பயங்கரவாதிக்கு இப்படிக் காலக்கணக்கு கிடையாது. வரும் முன் நமக்கு எச்சரிக்கையும் வராது. ஒரு பயணிக்கு அது நேரும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் நேர்ந்தால் நம் சாமர்த்தியம் அங்கே எடுபடாது. அதனால் நான் கேட்கும் கேள்வி, எது பெரிய ஆபத்து என்பதல்ல. எந்த ஆபத்தை என் கையால் குறைக்க முடியும், குறைக்க முடிந்ததைக் குறைத்தேனா என்பதே.

அந்தக் கேள்வியைக் காஷ்மீரிடமும் கேட்கலாம். அங்கேயும் நாம் குறைக்கக்கூடிய பெரிய ஆபத்து சாலைதான். ஜம்மு – ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் ராம்பன் பகுதி அடிக்கடி சரியும். பைசரன் தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்புகூட அங்கே மழைவெள்ளமும் மண்சரிவும் வந்து சாலை அடைபட்டது. கட்ராவிலிருந்து ரயிலில் போனால் அந்தச் சாலையே வேண்டாம். சாலை இல்லாத புல்வெளிகளை விட்டுவிட்டு ஸ்ரீநகர், தால் ஏரி, முகலாயத் தோட்டங்கள், குல்மார்க் கேபிள் காரின் முதல் கட்டம் என்று வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்கு ஒரு குறையும் இருக்காது. கேபிள் காரின் இரண்டாம் கட்டம் நாலாயிரம் மீட்டரை நெருங்கும் உயரம். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

யார் வருகிறார்கள்?

ஒரே வேனில் போனாலும் எல்லோருக்கும் ஒரே ஆபத்து இல்லை. இதை எனக்கு உணர்த்தியவர் புதுநகரத்திலிருந்து எங்களோடு வரும் ராவுத்தர் அண்ணன். முஸ்லிம்களான பாலக்காட்டு ராவுத்தர்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். தலைமுறை தலைமுறையாக நம்மோடு இருப்பவர்கள். "எங்கள் அத்தாவுக்குத் துப்பாக்கிக்காரனைப் பற்றிய பயம் பாதிதான் தம்பி. சோதனைச்சாவடியில் பெயரைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக நிறுத்தி வைப்பார்களோ என்ற பயம்தான் மீதி" என்றார். தாக்குதலுக்குப் பின் பல மாநிலங்களில் காஷ்மீரி மாணவர்களும் வியாபாரிகளும் மிரட்டப்பட்ட செய்திகளை அவர் படித்திருக்கிறார். அவர் சொன்ன பிறகு எங்கள் திட்டத்தில் ஒன்று சேர்ந்தது: எல்லோரும் ஒரே வண்டி, ஒரே விடுதி, எந்தச் சாவடியிலும் ஒருவரைத் தனியே விட்டு நகர்வதில்லை.

வயதானவர்கள் விஷயம் வேறு. என் மாமியார் தொலைக்காட்சியில் ராணுவ வண்டியைப் பார்த்தாலே தூக்கத்தைத் தொலைப்பவர். அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனால் தால் ஏரியும் அவருக்குத் தண்டனையாகிவிடும். "நாம் போகாவிட்டால் பயங்கரவாதி ஜெயித்ததாகிவிடும்" என்று அவரிடம் வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வாதம் பிடிக்காது. எவனுக்கோ எதையோ நிரூபிக்க ஒரு வயதான பெண்மணியையும் பள்ளிப் பிள்ளைகளையும் மலையேற்றக் கூடாது. பார்க்க ஆசை இருப்பவர்கள் பார்க்கப் போக வேண்டும்.

அதே சமயம், போவதால் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நான் ஒதுக்க மாட்டேன். குதிரைக்காரர், சிகாரா படகு ஓட்டுபவர், படகுவீட்டுக்காரர் எல்லோருக்கும் வருடத்தில் சில மாதச் சம்பாத்தியம்தான். பெட்டிமுடிக்குப் பிறகு மூணாறு ஜீப் ஓட்டுநர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று நினைக்க முடிந்தால், இவர்களின் தவிப்பும் புரியும்.

திரும்பி வரும் வழி

இதில் மூணாறு காஷ்மீரைத் தோற்கடிக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று இறங்கினால் அதே நாளில் வீட்டு வாசல். காட்டுவழிச் சாவடி இரவில் மூடும் முன் கிளம்பினால் போதும். காஷ்மீரிலிருந்து நினைத்த நேரத்தில் வர முடியாது. கட்ராவிலிருந்து பாலக்காடு வழியாகக் கன்னியாகுமரி போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒருமுறைதான். பயணமே மூன்று இரவுகளைத் தின்றுவிடும். விமானமும் மே 2025இல் போல நின்றுபோகலாம். அதனால் கையில் நாலைந்து நாள் அறைவாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உபரிப் பணம் இல்லாதவர்கள் போகவே கூடாது என்பது என் கருத்து. இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்துக்கு இரண்டு போஸ்ட்பெய்டு எண்ணாவது வேண்டும். ஊரில் இருப்பவர்கள் தொடர்பு கிடைக்காமல் பதறுவதில் பாதி இதனால்தான்.

காப்பீட்டில் பயங்கரவாதம் அடங்குமா என்பதைப் பாலிசித் தாளிலேயே படித்துப் பார்க்க வேண்டும். விற்பவர் வாயால் சொல்வது செல்லாது. "பயமாக இருந்தது, அதனால் போகவில்லை" என்பதற்குப் பொதுவாகக் காசு வராது. பஹல்காமுக்குப் பிறகு விமான நிறுவனங்கள் ஸ்ரீநகர் டிக்கெட்டுகளுக்குச் சில நாட்கள் ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. ஆனால் விடுதி முன்பணம் என்பது அந்தந்த முதலாளியின் மனசு. எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் பணம் அனுப்ப வேண்டும்.

இலங்கை பற்றியும் பேச்சு வந்தது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே பயணிகள் வரத்து 70 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அப்புறம் மெல்ல மீண்டது. எங்களில் பாதிப் பேருக்கு பாஸ்போர்ட் இல்லாததால் இதை இத்தோடு விட்டோம்.

வீட்டிலேயே இருப்பதும் ஒரு முடிவுதான். மலம்புழா, நெல்லியாம்பதி, ஆனைமலை வழியாகப் பரம்பிக்குளம் என்று பகல்நேரப் போக்குவரத்திலேயே விடுமுறையைக் கழிக்கலாம். ஆனால் பிள்ளைகள் பனியைத் தொட்டுப் பார்க்கக் கேட்கிறார்கள்.

எங்கள் முடிவு

ஏப்ரல் முதல் வாரம், மழைக்கு வெகு முன்பு, பெரியவர்களோடு மூணாறு. விடிந்த பிறகுதான் வண்டி கிளம்பும், இருட்டும் முன் விடுதி. மே மாதம், போக விரும்புகிறவர்கள் மட்டும் காஷ்மீர். டிக்கெட்டை இப்போதே எடுத்துவிட்டு, கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்பு மூன்று விஷயங்களைப் பார்ப்போம்: நாங்கள் குறித்த இடங்கள் அனைத்தும் அரசு அறிவிப்பின்படி திறந்திருக்கின்றனவா, எல்லை பதற்றமில்லாமல் இருக்கிறதா, ராவுத்தர் அண்ணன் வீட்டாருக்கு இன்னும் சம்மதமா. ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் ரத்துக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, அந்த வாரமே நெல்லியாம்பதிக்கு ஜீப் பேசுவது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கட்டணத்துக்கான பணத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலித்து ராவுத்தர் அண்ணனிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.