பெட்டியில் 250 ஆம்பியர், ஐடிலில் எவ்வளவு?

முதலில் காரில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே வரும் எண்களுக்கு அர்த்தம் இருக்காது. டிக்கியில் இரண்டு 12 இன்ச் சப்வூஃபர், பாஸ் என்னும் கனத்த தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள். அவற்றை ஓட்ட, ஒரு ஓம் லோடில் 1500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) தரும் கிளாஸ் டி மோனோபிளாக், அதாவது ஒற்றைச் சேனல் ஆம்ப்ளிஃபையர். கதவு ஸ்பீக்கர்களுக்குத் தனியாக நாலு சேனல் ஆம்ப்ளிஃபையர் ஒன்று. காரோடு வந்த ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தரும் கருவி, 90 ஆம்பியர். அதைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் உட்காரும் 250 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் போட்டிருக்கிறேன். இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான்.

பொருள் நல்ல பொருள். ஆனால் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 250 என்ற எண்ணுக்காக யாரும் இதை வாங்க வேண்டாம். கூட வருகிற டெஸ்ட் தாளில், யாரும் படிக்காத கீழ் வரிசையில் 1800 ஆர்பிஎம்முக்கு எதிரே ஓர் எண் இருக்கிறது பாருங்கள், காசு கொடுப்பது அதற்குத்தான்.

பழைய ஆல்டர்னேட்டர் ஏன் திணறியது என்பது எளிய கணக்கு. மோனோபிளாக்கின் திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1500 வாட் வெளியே வர 1875 வாட் உள்ளே போக வேண்டும். 13.5 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 139 ஆம்பியர். பாட்டு ஓடும்போது எப்போதும் அவ்வளவு இழுக்காது, சராசரி இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேதான் பெரும்பாலும் நிற்கும். இருந்தாலும் பாஸ் விழும் அந்த நொடியில் கேட்பது 139தான். சூடான 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, தருவதோ அதில் பாதி கூட இல்லை. ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், ஏசி ப்ளோயர், ஃப்யூயல் பம்ப் என்று காரே முப்பது சொச்சத்தைத் தின்றுவிடும். மிச்சம் எங்கே இருக்கிறது? பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். பேட்டரி கொடுக்க ஆரம்பித்ததும் வோல்டேஜ் 13க்குக் கீழே இறங்கிவிடும், அதில் ஆச்சரியமில்லை.

என் மீட்டரில் முன்பு பார்த்தது இப்படி: எஞ்சின் சூடு, ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஓடுகிறது, பாட்டு இல்லை, 13.5 வோல்ட். பாஸ் விழுந்தால் 11.8. சிக்னலில் நின்றால் முன் காரின் பம்பரில் என் ஹெட்லைட் வெளிச்சம் தாளம் போடும். (எல்இடி விளக்கு போட்டால் இது தெரியாது. அதன் டிரைவர் வோல்டேஜ் இறக்கத்தை மறைத்துவிடும். பிரச்சினை போய்விட்டது என்று அதை வைத்து நம்பிவிடாதீர்கள்.)

பலரும் முதலில் ஓடுவது கெப்பாசிட்டருக்கு. பளபளப்பாக, நீல நிற டிஜிட்டல் டிஸ்ப்ளேயோடு வரும் ஒரு ஃபேரட் உருளை. அதன் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 14.4 வோல்ட்டில் அதில் இருப்பது 104 ஜூல். 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது இன்னும் 72 ஜூல் உள்ளேயே இருக்கும். ஆக நமக்குக் கிடைப்பது 32 ஜூல். 1875 வாட் இழுத்தால் 17 மில்லி செகண்டில் தீர்ந்துவிடும். 40 ஹெர்ட்ஸ் பாஸின் ஒரே ஓர் அலைக்கே 25 மில்லி செகண்ட் வேண்டும். ஓர் அலையைக்கூட முழுதாகத் தாங்காத ஒன்றை வோல்டேஜ் காவலன் என்று விற்கிறார்கள். 500 ஃபேரட் சூப்பர் கெப்பாசிட்டர் வரிசை என்றால் கதை வேறு, அதே லோடை எட்டு செகண்ட் சொச்சம் தாங்கும். ஆனால் செலவழித்ததைத் திரும்ப நிரப்ப வேண்டியதும் ஆல்டர்னேட்டர்தானே. டிக்கியில் வைக்கும் இரண்டாவது பேட்டரிக்கும் இதே பதில்: எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பவருக்கு அது உதவும், ஓடும்போது அது ஆல்டர்னேட்டரிடம் கை நீட்டும் இன்னொரு ஆள்.

ஆல்டர்னேட்டரைத் தொடுவதற்கு முன்பே கேபிள்களை மாற்றிவிட்டேன். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவ், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடி, எஞ்சின் பிளாக்கிலிருந்து பாடி. ஆடியோக்காரர்கள் ‘பிக் த்ரீ’ என்று சொல்லும் மூன்று இடங்கள். எல்லாவற்றுக்கும் 1/0 கேஜ் (4 கேஜைவிடத் தடிமன்), முழுத் தாமிரம். தாமிரம் பூசிய அலுமினியக் கேபிளும் அதே பருமனில், அதே நிற உறையில் கிடைக்கும். ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் அது தாமிரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். டிக்கிக்குப் போகும் ஐந்து மீட்டர் கேபிளையும் 4 கேஜிலிருந்து 1/0க்கு மாற்றினேன். 100 ஆம்பியர் ஓடும்போது 4 கேஜில் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், 1/0வில் 0.16. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அந்தக் கேபிள் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், வேறு பேச்சே இல்லை.

இந்த வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க மல்டிமீட்டர் ஒன்று போதும். டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் வெளியே வரும் பி-பிளஸ் நட்டிலும் கறுப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் வைக்க வேண்டும். கவனம், பேட்டரி பக்கம் கிளாம்ப் மேல் வைக்கக் கூடாது, நடுவில் இருக்கும் ஈயத் தூணின் தலையில் அழுத்த வேண்டும். கிளாம்ப்புக்கும் தூணுக்கும் இடையே படிந்த வெள்ளைப் பொடி எவ்வளவு வோல்டேஜைத் தின்கிறது என்பது அப்போதுதான் கணக்கில் வரும். பாட்டைச் சத்தமாக வைத்துப் பார்த்தபோது முன்பு 0.45 காட்டியது, கேபிள் மாற்றிய பிறகு 0.08. நெகட்டிவ் பக்கமும் இதே மாதிரி, ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவ் தூணுக்கு. இரண்டு பக்கமும் 0.2க்குக் கீழே இருந்தால் சரி.

அப்புறம் ஆல்டர்னேட்டர். பின்பக்கத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வழக்கமான உருண்டைக் கம்பிச் சுற்று இல்லை. பட்டையான தாமிரக் கம்பிகளை வளைத்து, ஒன்றையொன்று ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள். ஹேர்பின் வகை. அதே இடத்தில் அதிகத் தாமிரம் அடங்குகிறது, சூடும் சீக்கிரம் வெளியேறுகிறது. டெஸ்ட் தாளில் 6000 ஆர்பிஎம்முக்கு 252 ஆம்பியர், 1800க்கு 120. இரண்டுமே ஆல்டர்னேட்டர் சுற்றும் வேகம், எஞ்சின் வேகம் அல்ல. என் எஞ்சினின் கிராங்க் புல்லி (பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) 150 மில்லி மீட்டர், இதனோடு வந்த புல்லி 50. மூன்று மடங்கு. 750 ஆர்பிஎம் ஐடிலில் ஆல்டர்னேட்டர் 2250இல் சுற்றும். ஆக, தாளின்படி 120க்கு மேலேயே கிடைக்க வேண்டும். ஆனால் தாளில் இருப்பது குளிர்ந்த நிலையில் எடுத்த அளவு. சூடு ஏறினால் தாமிரத்தின் தடை கூடும், வரவு குறையும். புல்லியை இன்னும் சிறிதாக்கினால் ஐடில் வரவு கூடும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எஞ்சின் 6500ஐத் தொடும்போது இப்போதே ஆல்டர்னேட்டர் 19,500இல் சுற்றுகிறது. அதற்கு மேல் போக எனக்குத் துணிவில்லை. சிறிய புல்லியைப் பெல்ட் அணைத்துக்கொள்ளும் பரப்பும் குறைவு, வழுக்கும்.

இப்போதைய அளவுகள். குளிர்ந்த எஞ்சினில் 14.5. சூடான ஐடிலில், ஏசியும் ஹெட்லைட்டும் ஓட, 13.9. சாதாரணப் பாட்டின் பாஸுக்கு 13.4 வரை இறங்கி உடனே ஏறுகிறது. நீட்டி இழுக்கும் எலக்ட்ரானிக் பாஸ் என்றால் 12.9, அதற்குக் கீழே போய் நான் பார்க்கவில்லை. ஓட்டத்தில் 14.1க்கும் 14.3க்கும் நடுவே நிற்கிறது. சூடாக இருக்கும்போது 14.5 கிடைக்கவில்லையே என்று பதறத் தேவையில்லை. பேட்டரி கொதித்துவிடாமல் இருக்க, சூடு ஏற ஏற, ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரே அதைச் சற்று இறக்கிக்கொள்ளும். இதில் ரெகுலேட்டருக்கு, பேட்டரி வோல்டேஜைப் பார்த்துச் சொல்லும் சென்ஸ் ஒயர் தனியாக இருக்கிறது. அதை நேரே பேட்டரி பாசிட்டிவில் கொண்டுபோய் இறுக்கினேன். அந்த ஒயர் கழன்றால் சில ரெகுலேட்டர்கள் வோல்டேஜ் குறைந்துவிட்டதாக நினைத்து ஏற்றிக்கொண்டே போகும் என்பதால், லக்கை கிரிம்ப் செய்ததோடு விடாமல் ஹீட் ஷ்ரிங்க்கும் போட்டுவிட்டேன்.

சத்தம் கூடியதா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், பெரிதாக இல்லை. உள்ளே ரெகுலேட்டட் பவர் சப்ளை இல்லாத ஆம்ப்ளிஃபையரில் வெளியே வரும் வாட், உள்ளே போகும் வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 14.4இல் தருவதில் சுமார் 70 சதவீதத்தை 12இல் தரும். டெசிபலில் அது 1.6தான், காது அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. மாறியது வேறு. முன்பு அதே வால்யூமில் பாஸின் முனை வெட்டுப்பட்டு, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் சூடு ஏறி ஒரு வாடை வரும். இப்போது வரவில்லை. மோனோபிளாக் புரொடெக்‌ஷனுக்குப் போவதும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடுவதும், நின்றுவிட்டது.

இனி குறைகள். மவுண்ட் காது பழையதைவிட இரண்டு மில்லி மீட்டர் அகலம். வாஷர் வைத்துத்தான் பெல்ட்டை நேர்கோட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு ‘எல்லோருக்கும் சரியாகத்தான் உட்காருகிறது’ என்று பதில். பி-பிளஸ் நட்டை மூடும் ரப்பர் தொப்பி பெட்டியில் இல்லை. இதை மன்னிக்கவே முடியாது, ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் திறந்த பாசிட்டிவ் அது. ஃபேன் சத்தமும் பழையதைவிடக் கூடுதல், பானட்டைத் திறந்தால் விசில் மாதிரி கேட்கிறது. ஸ்பீக்கரில் வரும் விசில் அல்ல. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அளந்தேன், ரிப்பிள் (டிசியில் கலந்து வரும் சிற்றலை) 0.03 வோல்ட், ட்வீட்டர் சுத்தமாக இருக்கிறது.

எஞ்சினுக்கும் இது சுமைதான். 200 ஆம்பியர் தரும்போது 2880 வாட் வெளியே வருகிறது. ஆல்டர்னேட்டரின் திறனை 60 சதவீதமாக வைத்தால் எஞ்சினிடம் பிடுங்குவது ஆறு குதிரைத் திறனுக்கு மேல். ஐடிலில் ஏசி கம்ப்ரஸர் சேரும்போது பாஸும் விழுந்தால் ஆர்பிஎம் முள் லேசாகத் தலை குனியும். சின்ன எஞ்சின்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

என் கார் பழையது, ஆல்டர்னேட்டரை ஈசியு (எஞ்சினை நடத்தும் கணினி) கட்டுப்படுத்துவதில்லை. புதிய கார்களில் பலவற்றில் ஈசியு சொல்கிற வோல்டேஜைத்தான் ஆல்டர்னேட்டர் தரும். எரிபொருளை மிச்சப்படுத்த ஓட்டத்தில் வேண்டுமென்றே இறக்கி, பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். அந்த மாதிரிக் காருக்கு இதே வடிவத்தில் வந்தாலும் இதை வாங்கக் கூடாது, அந்தத் தொடர்புமுறை தெரிந்த ரெகுலேட்டர் உள்ளதாகத்தான் பார்க்க வேண்டும். பேட்டரி நெகட்டிவில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருந்தால், ஆம்ப்ளிஃபையரின் எர்த்தை சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடியில் கொடுக்க வேண்டும். நேரே தூணில் கொடுத்தால் அந்த மின்னோட்டம் ஈசியுவின் கணக்கில் வராது, சார்ஜிங் தாறுமாறாகும்.

மொத்தம் 600, 700 வாட் ஆர்எம்எஸ்ஸுக்குள் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். நல்ல கேபிளும் ஓர் ஏஜிஎம் பேட்டரியும் (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) போதும். அதற்கு மேலே என்றால் வாங்கலாம், ஐந்துக்கு நாலு நட்சத்திரம். பொருத்துவதற்கு முன் பேட்டரியை வெளியே சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிடுங்கள். செத்த பேட்டரியை நிரப்புவதற்கே முழுத் திறனில் ஓடிச் சூடாகிப் போனால் வாரண்டி கிடையாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். பெல்ட் புதிதாகப் போட்டிருந்தால் கொஞ்ச நாளில் தளரும், மறுபடி ஒருமுறை இழுத்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் பாஸோடு சேர்ந்து ‘கீச்’ என்று கேட்டால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம்.