கானாடுகாத்தானில் அப்பச்சியின் சிபிசி: லேப் அனுபவம்

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் கண்டபடி பெருகி, மற்ற ரத்த அணுக்கள் உற்பத்தியாக இடம் விடாத புற்றுநோய். வைத்தியம் மதுரையில், வீடு கானாடுகாத்தானில். சிங்கப்பூரிலிருந்து நான் போயிருந்ததால் இந்த முறை லேப் வேலை முழுக்க என் பொறுப்பு.

லெனலிடோமைடு மாத்திரை 28 நாளில் 21 நாள். நோயை அடக்குகிற அதே மருந்து நல்ல அணுக்களையும் குறைக்கும் என்பதால் அடிக்கடி சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் சோதனை, பார்க்க வேண்டும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழேயோ, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 30,000-க்குக் கீழேயோ இறங்கினால் பொதுவாக மாத்திரையை நிறுத்திவைத்து, எண்ணிக்கை ஏறிய பிறகு தொடர்வார்கள். இதற்கு மதுரைக்குக் கார் பிடிக்க வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து லேப் பையன் காலையிலேயே முகப்பில் வந்து நிற்கிறான், மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. சிபிசிக்கு வெறும் வயிறு தேவையில்லை என்று எவ்வளவு சொன்னாலும் அப்பச்சி ரத்தம் எடுக்கும்வரை காபியைத் தொடுவதில்லை.

வேகத்தில் குறையே இல்லை. ஆனால் ஒருநாள் பிளேட்லெட் 41,000 என்று வந்தது. முந்தைய ரிப்போர்ட்டில் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். ஈறில் ரத்தமில்லை, தோலில் ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை. போன் போட்டுக் கேட்டால், "மெஷின் காட்டுறதுதான் சார்" என்று வைத்துவிட்டார்கள்.

வேறொரு சின்ன லேபுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டெக்னீஷியன் அம்மா புதிதாக ரத்தம் எடுத்து, ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "பிளேட்லெட் கொத்துக் கொத்தா ஒட்டிக் கிடக்கு அண்ணே, ஐயாவுக்கு ஒண்ணும் குறையலை" என்றார். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்க இருக்கும் இடிடிஏ, சிலருடைய பிளேட்லெட்டைத் திரளவைத்துவிடுமாம். திரளை மெஷின் பிளேட்லெட்டாக எண்ணாது. நேரம் ஆக ஆக இது கூடும். அந்தப் பையனோ நாலு வீடு சுற்றிவிட்டுத்தான் லேபுக்குப் போவான்! நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்தார். அதிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் வந்த எண்ணோடு பத்து சதவீதம் கூட்ட வேண்டும். கூட்டினால் 1,38,000. மதுரை டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார்.

சிபிசியை மட்டும் வைத்து நோய் அடங்கியதா என்று சொல்ல முடியாது. அதற்கு அந்தப் பிளாஸ்மா செல்கள் சுரக்கும் புரதங்களான எம் புரோட்டீன், லைட் செயின் பார்க்க வேண்டும். ரத்தத்தைக் காரைக்குடியில் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள், ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். சிபிசிக்கு மட்டும் இனி அந்தச் சின்ன லேப்தான் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். ஃபைல் அட்டையில் 'சிட்ரேட் டியூபிலும் எடுக்கவும்' என்று பெரிதாக எழுதியாயிற்று. இரண்டு டியூபுக்கும் காசு கேட்பார்கள், கேட்கட்டும். மதுரைக்குக் கார் வாடகை என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.