கையால் செதுக்கிய கைக்கடிகாரம்: உப்புக்காற்றில் கட்டிப் பார்த்த அனுபவம்

கைச்செதுக்கு வேலை உள்ள கைக்கடிகாரங்களைப் படத்தில் பார்த்துப் பாராட்டுகிறவர்கள் நிறையப் பேர். கையில் கட்டி, வியர்வையில் நனைத்து, பழுதுபார்க்கக் கொடுத்து அலைந்தவர்கள் எழுதியது குறைவு. கடலும் வெயிலும் சூழ்ந்த திருகோணமலையில் பல ஆண்டுகளாக ஒன்றைக் கட்டிவருகிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னுடையது பெரிய நிறுவனத் தயாரிப்பு அல்ல. சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் இருக்கும் அத்தான் மூலம், அங்கே தனியாகத் தொழில் செய்யும் ஒரு செதுக்குக் கலைஞரிடம் சொல்லிச் செய்வித்தது. கூடு 925 தர வெள்ளி, பின்மூடி கண்ணாடி. உள்ளே இருப்பது யூனிட்டாஸ் 6498. சட்டைப்பைக் கடிகாரத்துக்கென உருவான இயந்திரம் என்பதால் குறுக்களவு 36.6 மில்லிமீற்றர், தகடுகள் அகலமானவை. உளி பிடிப்பவருக்கு அங்கே தாராளமாக இடம் உண்டு. தனிக் கலைஞர்கள் பலர் இதையே விரும்பி எடுப்பதற்கு அதுதான் காரணம். மணிக்கு 18,000 அதிர்வு, அதாவது நொடிக்கு ஐந்து டிக். காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலையில் தயங்காமல் ஓடிக்கொண்டிருக்கும். நேரம் காட்டுவதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதைப் பற்றி இனிப் பேசப்போவதும் இல்லை.

பேச வேண்டியது உளியின் வெட்டைப் பற்றி. கடிகாரத்தைத் திருப்பினால் தகடு முழுவதும் கொடியும் இலையும். வாங்கிய புதிதில் என் கண் வடிவத்தைத்தான் பார்த்தது: எத்தனை இலை, எவ்வளவு நெருக்கம், எங்கே சுழல்கிறது என்று. இப்போது ஒரே ஒரு காம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாவிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது அது. தொடக்கத்தில் மயிரிழை. வளைவு ஏற ஏற உளி ஆழமாக இறங்கி, நடுவில் கோடு தடித்து, முடிவில் மறுபடி ஒன்றுமில்லாமல் கரைகிறது. பள்ளத்தின் இரு சரிவும் கண்ணாடிபோல் மின்னுகின்றன. உளியின் முகத்தை மெருகேற்றித் தீட்டினால்தான் அந்த மினுக்கம் வரும்; பிறகு எந்தப் பாலிஷும் அதைத் தராது.

இதைப் பார்க்கச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். எங்கள் ஊர்க் கடல் கிழக்கே இருப்பது இந்த விஷயத்தில் கொடுப்பினை. விடிந்து சற்று நேரம் வரை டச்பே கடற்கரைப் பக்கம் வெளிச்சம் ஏறக்குறையப் படுக்கையாக வரும். கடிகாரத்தை அதில் கொஞ்சம் சாய்த்தால் ஒரு சரிவு அணைந்து மற்றது எரியும். கொடி நகர்வதுபோலத் தெரியும். நண்பகல் வெயிலிலும் குழல் விளக்கிலும் அதே தகடு செத்துக்கிடக்கும். கடை விளக்கின் கீழ் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

லேசரில் பொறித்ததைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். பள்ளத்தின் அடி சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். கோட்டின் அகலம் பெரும்பாலும் மாறாது. அச்சில் அழுத்தியதில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். கணினி இயக்கும் சுழல்வெட்டியில் கோட்டின் முனைகள் உருண்டையாக முடியும். பிரெகே கடிகாரங்களின் முகப்பில் காணும் கில்லோஷே வேறு சாதி: கையால் சுழற்றும் பொறி வகுத்த வழியில் வெட்டு போகிறது. அதுவும் பெரிய கலைதான், ஆனால் இதனுடன் ஒப்பிடக் கூடாது. காற்றழுத்த உளியைப் பயன்படுத்தினால் அது கைவேலையா என்று சிலர் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். காற்று தள்ளுகிறதே தவிர, எங்கே திரும்புவது என்று அதற்குத் தெரியாது. என் கணக்கில் அது கைவேலைதான்.

பட்டினத்தில் நகைப்பட்டறை வைத்திருக்கும் முதிய பத்தர் ஒருவரிடம் இதை ஒருமுறை காட்டினேன். காப்புகளில் வெட்டு வேலை செய்தே கண் மங்கியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வளைவில் அவர் கையைத் திருப்பவில்லை, தகட்டைத்தான் திருப்பியிருக்கிறார்" என்றார். அது உண்மை. செதுக்குபவர் வேலையைச் சுழலும் பிடியில் இறுக்கி, உளியை நிலையாக வைத்துக்கொண்டு, பிடியைச் சுழற்றித்தான் வளைவை எடுக்கிறார். பிறகு பத்தர் வெள்ளிக் கூட்டை மெருகு போட்டுத் தருவதாகச் சொன்னார். மரியாதையோடு மறுத்துவிட்டேன்.

மறுத்ததற்குக் காரணம் உண்டு. எனது கூட்டில் பட்டி மாட்டும் காதுகளிலும் செதுக்கு வேலை இருக்கிறது. சட்டைக் கை உரசி உரசி, அங்கே மயிரிழைக் கோடுகள்தான் முதலில் போயின. தடித்த பகுதிகள் மட்டும் மிஞ்சியதால் கோட்டின் ஏற்ற இறக்கம் தொலைந்து, எல்லாம் ஒரே அகலமாகத் தெரிகின்றன. மெருகுச் சக்கரத்தில் ஒருமுறை பிடித்தால் மிச்சமும் போய்விடும். கந்தகம் பட்டு வெள்ளி கறுப்பது நம் ஈரக் காற்றில் வேகமாக நடக்கும். ஆனால் பள்ளத்தில் தங்கும் அந்தக் கறுப்பு கோட்டை எடுத்துக்காட்டுகிறது. மேற்பரப்பை மென்துணியால் துடைத்துவிட்டுக் கறுப்பை அப்படியே விட்டிருக்கிறேன்.

எனவே என் முடிவு: செதுக்கு வேலைக்குக் காசு கொடுப்பதென்றால் கூட்டுக்கு உள்ளே கொடுங்கள். கூட்டுக்கு வெளியே உள்ளதைக் காலம் தின்றுவிடும். ஜேர்மனியின் கிளாஸ்ஹூட்டேயில், 1845இல் தொடங்கி, 1990இல் மறுபிறவி எடுத்து, 1994இல் கைக்கடிகாரங்களோடு வந்த ஏ. லாங்கே உண்ட் சூனே இதைச் சரியாகப் புரிந்துகொண்ட நிறுவனம். சமநிலைச் சக்கரத்தைத் தாங்கும் சிறு தகட்டில்தான் வழக்கமாகக் கையால் பூ செதுக்குகிறார்கள். பூவைப் பார்த்தே செதுக்கியவர் யார் என்று அவர்களுக்குள் சொல்லிவிட முடியுமாம். சூரிச்சில் ஒரு கடையில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். நகத்தளவு இடத்தில் அவ்வளவு அடக்கம். முழுத் தகடும் கொடி படர்ந்த என்னுடையது அதன் பக்கத்தில் சற்று ஆடம்பரமாகத்தான் தோன்றியது. மனம் நோகவில்லை என்று சொல்லமாட்டேன்.

மனம் உண்மையாக நொந்தது வேறொரு நாள். எண்ணெய் மாற்றக் கொழும்பில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது ஒரு திருகாணியின் பக்கத்தில் கீறல். திருப்புளி வழுக்கியிருக்கிறது. ரோடியம் பூச்சைக் கிழித்து அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. கேட்டால், முன்பே இருந்தது என்றார்கள். கொடுப்பதற்கு முன் எடுத்த படத்தைக் காட்டியதும் பேச்சு மாறி, கூலியில் கொஞ்சம் குறைத்தார்கள். இந்த இயந்திரத்தைப் பழைய ஆட்கள் யாரும் பிரித்துப் பூட்டுவார்கள், உதிரிப்பாகமும் கிடைக்கும்; செதுக்கிய தகட்டைத் தொடத் தெரிந்த கையைத் தேடுவதுதான் பாடு. கீறலைச் செதுக்கியவரே மறுபடி வெட்டி, பூச்சுப் போட்டால்தான் சரியாகும். அடுத்த முறை அத்தான் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்ப எண்ணியிருக்கிறேன். அதுவரை, கீறலையும் வெட்டையும் அருகருகே பார்க்கிற வாய்ப்பு: கீறல் உலோகத்தை இருபுறமும் கிழித்து ஒதுக்கியிருக்கிறது, வெட்டு அதைச் சுத்தமாகச் சீவி எடுத்திருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாரி காலத்தில் தோல் பட்டி பூஞ்சணம் பிடிக்கும். கன்வஸ் பட்டிக்கு மாறிவிட்டேன். நீர்காப்பு 30 மீற்றர் என்று போட்டிருப்பது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான். நிலாவெளிக் கடலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கும் போகும்போது வீட்டிலேயே கழற்றி வைக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் முற்பணம் கொடுக்குமுன் இரண்டு படங்கள் கேளுங்கள். ஒன்று, பூச்சுப் போடுவதற்கு முன் தகட்டை மிக அருகில் எடுத்தது. மற்றது, அதே தகட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தது. கையால் வெட்டுகிறவரிடம் இரண்டும் பட்டறையிலேயே இருக்கும், அன்றைக்கே அனுப்பிவிடுவார். அனுப்பத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.