துரை வீட்டு வேரைத் தேட ஃபேமிலிசர்ச்: எதுவரை நம்பலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரக் காடெல்லாம் செம்பனையாகிவிட்டது. சில குடும்பங்களில் மட்டும் ஒரு பேச்சு மாறாமல் நிற்கிறது: "எங்க பாட்டியோட அப்பா வெள்ளைக்காரத் துரை." துரை என்றால் அக்காலத் தோட்ட நிர்வாகி. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கணக்குத் திறந்து துரையின் பெயரைச் சேர்த்தால், சில நேரம் ஒரே மாலைக்குள் கிளை 1215-ஆம் ஆண்டுக்குப் போய்விடும். மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தை இங்கிலாந்தின் ஜான் மன்னர் மீறாமல் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட 25 பிரபுக்களில் ஒருவர் உங்கள் பாட்டனாராகத் திரையில் நிற்பார். அந்த வேகத்தைக் கண்டு மயங்க வேண்டாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் தொடங்கிய 1538 முதல் இந்தப் பக்கம் உள்ள காலத்துக்கு இதைப் போல் கைகொடுக்கும் இலவசச் சேவை வேறு இல்லை. அதற்கு முந்தைய காலத்துக்கு இதன் மரத்தைத் துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாகக் காட்டக் கூடாது.

இதை நடத்துவது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் உள்ள மார்மன் திருச்சபை. 1894-இல் வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கி, 1938 முதல் உலகமெங்கும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்தார்கள். 24 லட்சம் சுருள்களை மின்வடிவுக்கு மாற்றும் வேலை 2021-இல் முடிந்தது. ஒரு வெள்ளிகூடக் கட்ட வேண்டாம். சில படங்கள் மட்டும் அவர்களுடைய மையங்களிலோ இணைப்பு நூலகங்களிலோ உட்கார்ந்தால்தான் திறக்கும். முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே இருப்பது எல்லோருக்கும் பொதுவான ஒரே மரம் என்பது. இறந்துபோன உங்கள் முன்னோரின் பக்கத்தை முகம் தெரியாத எவரும் திருத்தலாம். நீங்களும் அவர்களுடையதைத் திருத்தலாம்.

தேடல் அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் இங்கிலாந்து அல்ல, நம் ஊர்தான். பால் வெட்டப் போன பெண்ணுக்குத் துரையால் பிறந்த பிள்ளையைத் துரை தன் பெயரில் பதிந்தது அபூர்வம். ஆகவே பாட்டியின் பிறப்புப் பத்திரத்தைத் தேசியப் பதிவுத் துறையில் கேட்டு வாங்கி, 'பாபா' (மலாயில் தந்தை) என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெற்றிடமாக இருந்தாலோ தண்டல் (மேஸ்திரி), கிராணி (எழுத்தர்) போன்ற வேறொருவர் பெயர் இருந்தாலோ, அக்கம்பக்கத்துத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு அடுத்த படி. இந்த வேலைக்கு ஃபேமிலிசர்ச் உதவாது. லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பிறந்த பிள்ளைகளின் விவரம் தேடல் பெட்டியில் வந்து விழும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

தாள் எதுவும் கிடைக்காவிட்டால் மிச்சம் இருப்பது மரபணுச் சோதனை. கொள்ளுத்தாத்தா துரை என்றால் அவருடைய பங்கு உங்களிடம் சராசரியாக 12.5 விழுக்காடு. ஒரு தலைமுறை தள்ளினால் 6.25. அதனால் சோதனையைப் பேரனுக்குச் செய்யாமல், வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவருக்கு, அவர் மனமொப்பினால், செய்யுங்கள். ஐரோப்பிய விழுக்காடு ஒரு குறிப்புதான். பிரிட்டனில் பொருந்திவரும் உறவுகளின் மரங்களில் பொதுவாக எந்தத் தம்பதி வருகிறார்கள் என்பதுதான் ஆளைக் காட்டும்.

'பெரிய துரை', 'சின்ன துரை' என்பதற்கு மேல் பெயர் தெரியவில்லையா? சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை, ஆண்டு எல்லையோடு தேடுங்கள். துரைமாரின் மாற்றல், விடுப்பு, திருமணம், மரணம் எல்லாம் அக்காலப் பத்திரிகைகளில் செய்தி. பழைய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும், எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும். பத்து காஜாவில் உள்ள 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 1948-இல் சுங்கை சிப்புட் தோட்டத் துரைமார் கொலையோடு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. அந்தக் காலத்தில் உயிரிழந்த துரைமார் பலர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பினாங்கிலிருந்து கப்பலேறியவர்களுக்குப் பிரிட்டிஷ் பயணிகள் பட்டியல் உண்டு: பிரிட்டனுக்கு வந்தவர்கள் 1878 முதல் 1960 வரை, அங்கிருந்து புறப்பட்டவர்கள் 1890 முதல் 1960 வரை. வயதும் தொழிலும் இருக்கும், பிற்காலப் பட்டியல்களில் ஊர் முகவரியும் கிடைக்கும். இதன் படங்கள் ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற கட்டணத் தளங்களில் உள்ளன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மலாயாத் துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர் ஏராளம். உங்கள் துரை அந்த ஊர் என்றால் இங்கிலாந்துப் பதிவேட்டில் தேடுவது வீண். ஸ்காட்லாந்தின் சிவில் பதிவு 1855-இல் தொடங்குகிறது. அங்கே மரணப் பதிவில்கூடத் தாய் தந்தை இருவர் பெயரும் உண்டு. ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் படத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்துக்காரர் என்றால் இனி ஃபேமிலிசர்ச் தன் வேலையைக் காட்டும். பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 முதல். குடிக்கணக்கு 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை. 1931-க்கு உரியது 1942 தீயில் போய்விட்டது. 1841 கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 38 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார். பிறந்த திருச்சபை வட்டம் 1851 முதல்தான் வருகிறது. அதைப் பிடித்துவிட்டால் 1538-இல் தாமஸ் குரோம்வெல் ஆணையால் தொடங்கிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளுக்குள் நுழையலாம். பதிவேடு தொலைந்திருந்தால் 1598 முதல் ஆயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களைத் தேடுங்கள். உள்நாட்டுப் போர் காலத்திலிருந்து 1660 வரை பல ஊர்களில் ஓட்டை விழுந்திருக்கும்.

பொதுமரத்தில் அடிக்கடி சறுக்கும் இடம் தேதி. 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1640 ஜூனில் திருமணம், 1640 பிப்ரவரியில் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று பதிவேட்டில் இருந்தால், பிள்ளை பிறந்தது எட்டு மாதம் கழித்து, நம் கணக்கில் 1641-இல். இது தெரியாதவர்கள் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் வேறு தம்பதியோடு ஒட்டியிருப்பார்கள்.

1538-க்கு மேலே ஏற நிலம் வைத்திருந்த குடும்பம் வேண்டும். அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் விசாரணை நடக்கும். என்ன நிலம், வாரிசு யார், அவர் வயது என்ன என்று நடுவர் குழு சொல்லும். 13-ஆம் நூற்றாண்டு முதல் இருக்கும் இந்த மரண விசாரணை ஆவணங்கள் தங்கம். ஆனால் அவற்றில் வருவது வாரிசின் பெயர்தான். மகன் இருந்தால் மூத்தவர், மகன் இல்லாவிட்டால் மகள்கள். இளைய மகன்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள். பொய் ஒட்டு விழுவது இந்த இடைவெளியில்தான். ஏதோ ஒரு விவசாயியை, அதே பெயர் இருப்பதால், 'பிரபுவின் நான்காவது மகன்' என்று சேர்த்துவிடுவார்கள். அப்படி ஓர் ஒட்டைக் கண்டால் 1384 முதல் 1858 வரையிலான காண்டர்பரி நீதிமன்ற உயில்களில் அந்த இளையவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை, வேறு நிலப் பத்திரமும் இல்லை என்றால் அந்தக் கிளையை விட்டுவிட வேண்டியதுதான். 1530 முதல் 1688 வரை குடும்பச் சின்ன உரிமையைச் சரிபார்த்த அரச அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் எழுதிய வம்சப் பட்டியல்களும் உண்டு. அவை குடும்பத்தார் வாய்மொழி. பேசியவரின் தாத்தா வரைக்கும் நம்பலாம், அதற்கு மேல் பெருமைப் பேச்சு கலந்திருக்கும்.

சரிபார்க்க ஒவ்வொருவர் பக்கத்திலும் மூன்று இடத்தைத் திறவுங்கள். ஆதாரங்கள் பகுதியில் இன்னொரு மரம் மட்டுமே ஆதாரமாக இருந்தால் ஆதாரமே இல்லை என்று பொருள். மாற்றப் பட்டியலில் பெற்றோர் அடிக்கடி மாறியிருந்தால் அங்கே சண்டை நடக்கிறது. தாய்க்கு வயது 15-க்குக் கீழோ 50-க்கு மேலோ பிள்ளை பிறந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு பேரை ஒருவராக்கியிருப்பார்கள். இன்னொரு பொதுமரத் தளமான விக்கிட்ரீயில் 1500-க்கு முந்தையவரைத் திருத்தத் தனித் தகுதி வேண்டும். மாக்னா கார்ட்டா வம்சங்களைச் சரிபார்க்கத் தனிக் குழுவும் அங்கே இருக்கிறது. இரண்டு தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது.

தாள் சரியாக இருந்தும் இரத்தம் வேறாக இருக்கலாம். லெஸ்டரில் 2012-இல் கிடைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பில் தாய்வழி மரபணு வாழும் உறவினரோடு பொருந்தியது. ஆண்வழி பொருந்தவில்லை. அரச குடும்பத்துக்கே இப்படி என்றால், 25 தலைமுறைக்கு முந்தைய பிரபுவை மரபணுச் சோதனையால் உறுதி செய்கிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

துரையின் கிளையை ஏற்றும்போது பாட்டியின் தாயை வெறும் 'பெயர் தெரியாதவர்' என்று விட்டுவிடுகிறார்கள். அது பெரிய குறை. இந்த மரத்தில் நமக்கு மிகவும் நெருக்கமானவர் அவர்தான். தளம் குடும்பப் பெயர் கேட்கும், அந்தப் பெட்டியைக் காலியாக விடலாம். 'அ/பெ'-யையோ (இன்னாரின் மகள் என்ற குறி) தகப்பன் பெயரையோ அதில் போட்டால், தகப்பன் பெயர் வம்சப் பெயராகி, முன்பின் தெரியாத குடும்பங்களோடு இணைக்கச் சொல்லிக் குறிப்புகள் வரும். தமிழ் எழுத்தில் உள்ள பெயரை மாற்றுப் பெயராகச் சேருங்கள். ஊர்ப் பேச்சில் வழங்கிய பெயரும் அங்கேயே போகட்டும். கல்லறைப் படம், பழைய நிழற்படம் ஏற்றலாம். அவை பொதுவில் தெரியும் என்பதால் உயிரோடு இருப்பவர்களின் ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம் எதையும் ஏற்ற வேண்டாம். மரத்தைத் தளத்திலிருந்து நேரடியாக ஒரே கோப்பாக இறக்க முடியாது. ரூட்ஸ்மேஜிக் போன்ற மென்பொருள் வழியாக இறக்கி, யாராவது கைவைப்பதற்குள் ஒரு பிரதியை வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.