உளவளத்துணை பிஜி டிப்ளோமா: ஒண்டரை வருசம் சனி ஞாயிறைக் குடுத்த ஆளின்ர ரிவியூ

போன மாசம்தான் கடைசி அசைன்மென்ற் குடுத்து முடிச்சனான், அதுக்குள்ள நாலு பேர் இன்பொக்ஸில வந்து "அக்கா அந்தக் கோர்ஸ் எப்பிடி, சேரலாமோ" எண்டு கேட்டிட்டினம். ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போட ஏலாது, அதால இஞ்ச எழுதிறன். இடத்தின்ர பேர் போடமாட்டன், குறையும் சொல்லப் போறன், யாழ்ப்பாணம் கையகலம்தானே.

5க்கு மூண்டரை. அதில மூண்டு சுப்பர்விஷனுக்கு மட்டும், அதாவது நாங்கள் செய்த அமர்வை அனுபவமுள்ள ஒராள் இருந்து பார்த்துத் திருத்திறதுக்கு.

நான் சேரேக்க பார்த்தது கட்டடம், ஏசி, லெக்சரர்மாருக்குப் பின்னால எத்தினை பட்டம் எண்டுதான். பிழை. முதல் பார்க்க வேண்டியது அந்தப் பட்டத்தை யூஜீசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஏற்குதோ, இலங்கையில படிப்புகளை மட்டம் பிரிக்கிற எஸ்எல்கியூஎஃப்பில எந்த மட்டம் எண்டு. பிஜி டிப்ளோமா எண்டால் 8ஆம் மட்டம், குறைஞ்சது 25 கிரெடிட். மாஸ்ரேர்ஸ் 9 அல்லது 10, 10 எண்டால் ஆய்வோட 60 கிரெடிட். ஒரு வருசத்தில மாஸ்ரேர்ஸ் தாறம் எண்டு பேஸ்புக்கில விளம்பரம் வந்தால் இதைக் கேளுங்கோ, சத்தம் குறையும். அதுக்குப் பிறகு கேட்க வேண்டியது ஒண்டே ஒண்டு, உண்மையான ஆளுக்கு முன்னால எத்தினை மணித்தியாலம் இருக்க விடுவியள், அதை ஆர் இருந்து பார்ப்பினம். அமெரிக்காவில படிக்கிற என்ர மச்சாளுக்கு, அவையின்ர காக்ரெப் எண்ட அங்கீகாரம் உள்ள கோர்ஸில, இன்ரேர்ன்ஷிப் மட்டும் 600 மணித்தியாலம், அதில 240 ஆளோட நேர இருந்து கதைக்கிறது. அதைக் கேட்ட பிறகு எங்கட கைநூலைத் திறந்து பார்த்தனான், "போதிய களப்பயிற்சி வழங்கப்படும்" எண்டு மட்டும் கிடந்தது. போதிய!

சரி, நல்லதைச் சொல்லுறன். ரெண்டாம் கிழமையே மூண்டு மூண்டு பேராப் பிரிச்சு விட்டவை, ஒராள் உளவளத்துணையாளர், ஒராள் துணைநாடி (உதவி தேடி வாற ஆள்), மற்றது பார்க்கிறவர். பதினைஞ்சு நிமிசம். நான் படிப்பிச்ச பழக்கத்தில கேள்வி மேல கேள்வி கேட்டுக்கொண்டே போனன், முடிய பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை கொப்பியைக் காட்டினது, பத்தொன்பது கோடு போட்டிருந்தது, ஒவ்வொரு கோடும் ஒரு கேள்வி. "அக்கா, பிரதி அதிபர் விசாரிச்ச மாதிரி இருந்தது" எண்டிச்சுது. வெக்கமாப் போச்சு, ஆனா உளவியலாளர் கார்ல் றோஜர்ஸ் 1957இல எழுதின ஒத்துணர்வு, நிபந்தனையில்லாத ஏற்பு, நேர்மை எல்லாம் எனக்கு உறைச்சது அண்டைக்குத்தான், லெக்சரில இல்லை.

சுப்பர்விஷனுக்கு வாற மிஸ்ஸைப் பற்றித் தனியாச் சொல்ல வேணும். நாங்கள் செய்த அமர்வை ஒரு வரி விடாம எழுதிக்கொண்டு போக வேணும், ஆளின்ர பேர் ஊர் ஒண்டும் இல்லாம. நான் நாலு பக்கம் வடிவா எழுதிக்கொண்டு போனன். மிஸ் ரெண்டாம் பக்கத்தில விரலை வச்சுக்கொண்டு, "இதுக்கும் அடுத்த வரிக்கும் இடையில அவ என்ன செய்தவ?"

"ஒண்டும் இல்லை மிஸ், பேசாம இருந்தவ. ஒரு பெருமூச்சு விட்டவ."

"அதை ஏனம்மா எழுதேல்ல?"

நான் என்னத்தைச் சொல்லுறது. எங்கட சனம் "எனக்குக் கவலையா இருக்கு" எண்டு எப்ப வாயால சொன்னது, நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது, யோசினையாக் கிடக்கு எண்டுதானே சொல்லுங்கள். புத்தகத்தில இருக்கிற கேள்வியை அப்பிடியே தமிழாக்கி "அது உங்களுக்குள் என்ன உணர்வை ஏற்படுத்துகிறது" எண்டு கேட்டால் செய்தி வாசிக்கிற ஆள் வந்து இருக்கிற மாதிரி இருக்கும். மிஸ்ஸோட இருக்கிற அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே முழுக் காசையும் குடுக்கலாம்.

லெக்சர்கள் கலப்பு. இழப்பு பற்றின பாடத்தில ஒரு சேர் குப்ளர் றொஸ் எண்ட மனநல டொக்டரின்ர துயரத்தின் அஞ்சு படிநிலையையும் ஸ்லைட்டில போட்டு வாசிச்சவர், அது 1969இல சாகப் போற நோயாளியளோட கதைச்சு எழுதினது. பின்வாங்கில இருந்த கிளிநொச்சி அக்கா எழும்பி, "சேர், பிள்ளை இருக்கிறானோ இல்லையோ எண்டே தெரியாத தாய்க்கு இதில எந்தப் படி" எண்டு கேட்டா. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையள் எங்கை எண்டு 2017இல இருந்து அங்க றோட்டில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மாரைத் தெரிஞ்ச ஆள் அவ. அந்தியேட்டிச் சடங்கு செய்ய ஏலாது, படத்துக்கு மாலை போட ஏலாது. இதுக்கெண்டே போலின் பொஸ் எண்ட அம்மா தெளிவில்லாத இழப்பு எண்டு தனிச் சொல்லே வச்சிருக்கிறா, சேருக்கு அது ஸ்லைட்டில இல்லை, அடுத்த பாடத்துக்குப் போயிட்டார். பிறகு மிஸ்தான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து அதைக் கதைச்சவ.

களப்பயிற்சிதான் பெரிய குறை. இடம் ஒழுங்குபடுத்தித் தருவம் எண்டு சொல்லிப்போட்டு கடைசியில நீங்களே தேடுங்கோ எண்டிட்டினம். நான் கடிதத்தோட ஏறி இறங்கின ஒரு பள்ளிக்கூடத்தில, ஆள் குறைவு எண்டு ஒன்பதாம் ஆண்டுக்கு ரிலீவ் பாடம் எடுக்க விட்டவை, மூண்டு கிழமை. பிறகு கிடைச்ச இடத்தில அறை எண்டு தந்தது விளையாட்டுச் சாமான் வைக்கிற அறை, கதவு பூட்டாது, ஒராள் அழத் தொடங்க நெற்போல் எடுக்க ரெண்டு பிள்ளையள் வந்து நிக்குதுகள். இந்த ஊரில ரகசியம் காக்கிறது ஏற்கனவே பெரும்பாடு, திருநெல்வேலிச் சந்தையில போனாலும் கண்ட முகம்தான். (வெளியில கண்டால் நீங்கள் சிரிச்சால்தான் நான் சிரிப்பன் எண்டு முதல் அமர்விலயே பேசி வச்சுக்கொள்ளுங்கோ, மிஸ் சொல்லித் தந்தது.)

சேருறவைக்கு: வேலை, வீடு, படிப்பு மூண்டையும் சேர்த்து இழுக்கிறது லேசில்லை, நல்லூர்த் திருவிழா 25 நாளும் றோட்டு மறிச்சுக் கிடக்க வகுப்புக்குச் சுத்திப் போறதும் அதில சேர்த்தி. கூட ரெண்டு பேரைப் பிடிச்சு வையுங்கோ, நாங்கள் மூண்டு பேரும் வகுப்பு முடிய கன்ரீனில வடையோட அரை மணித்தியாலம் இருப்பம், கேஸ் கதைக்கிறதில்லை, எங்களைப் பற்றித்தான். ஒரு நாள் நான் அங்கயே இருந்து அழுதனான்.

போன கிழமை அந்தச் சாமான் அறை இருந்த பள்ளிக்கூடத்துப் பக்கம் போனனான். அறைக்கதவுக்குப் புதுசாக் கொக்கி போட்டிருக்கினம், வெளிப்பக்கத்தால.