ஓடும் வேனில் ப்ரொப்பேன் ஃபிரிட்ஜ்: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தது

வேனில் வைக்கும் இந்த ஃபிரிட்ஜ் சூட்டால்தான் குளிர்விக்கிறது; அந்தச் சூடு கேஸ் சுடரிலிருந்தோ, வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டிலோ வீட்டுக் கரண்டிலோ ஓடும் ஹீட்டரிலிருந்தோ வரும். வண்டி ஓடும்போது ஃபிரிட்ஜ் கேஸில் எரியவே கூடாது. 12 வோல்ட்டுக்கு மாற்றி, சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எத்தனை வருடம் புழங்கினாலும் இந்தப் பழக்கத்தைத் தளர்த்தாதீர்கள்.

காற்றில் தீ அணைந்தால் கேஸ் கசியுமே என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். அதற்குக் காவல் இருக்கிறது: சுடர் போனதும், அதன் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் ஆறி, கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். ஆனால் அந்த வால்வு இருப்பது ஃபிரிட்ஜில். மோதலில் அதற்கு முன்னாலேயே குழாய் முறிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ப்ரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் போனாலே பற்றிக்கொள்ளும். கேஸ் அலாரத்தைத் தரையை ஒட்டி மாட்டச் சொல்வது அதனால்தான். மோதினால் கேஸை நிறுத்தும் ரெகுலேட்டரை நம்பி கேஸில் ஓட்டுபவர்களும், பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் சுடரை அணைத்தாக வேண்டும். பர்னர் வெளிப்புற வென்ட்டுக்குப் பின்னால் திறந்த தீயாக எரிகிறது. பெட்ரோல் ஆவிக்கு அது போதும்.

"12 வோல்ட்டில் குளிரவே இல்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஒயர். ஹீட்டர் 14 ஆம்பியர் இழுக்கிறது, போக வர 14 மீட்டர் ஒயர் என்று வையுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 1.3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெப்பம் 19 சதவீதம் குறையும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட் அளவில் நிற்கும். ஃபியூஸை பேட்டரி பக்கத்திலேயே வையுங்கள். இன்ஜின் ஓடும்போது மட்டும் இணையும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) கட்டாயம். இல்லையென்றால் நிறுத்திய வண்டியில் பேட்டரி சில மணி நேரத்தில் காலி.

12 வோல்ட்டும் குளிரைத் தக்கவைக்கத்தான் சரி, புதிதாகக் குளிர்விக்க லாயக்கில்லை. முந்தைய இரவே கரண்டிலோ கேஸிலோ நன்றாகக் குளிரவிட்டு, பொருட்களையும் குளிர்ந்த பிறகே அடுக்குங்கள். கதவைத் திறக்காவிட்டால் நாலைந்து மணி நேரப் பயணத்தை கேஸோ கரண்டோ எதுவும் போடாமலே தாங்கும்.

நிறுத்தி கேஸில் ஓட்டும்போது சுடரைப் பாருங்கள். நீலமாக இருந்தால் சரி. மஞ்சளாக ஆடினால் புகைக்குழாயிலிருந்து துரு பர்னரில் விழுந்திருக்கும், அல்லது சிலந்தி கூடு கட்டியிருக்கும். பர்னரை பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யலாம். கேஸ் வெளிவரும் சிறு துளையான ஜெட்டில் மட்டும் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஃபிரிட்ஜின் பின்புறத்துக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள சீல் விட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அந்த சீலைச் சரிசெய்யும்வரை கேஸைத் திறக்க வேண்டாம்.